நீல டிரம்

எங்க ஊருக்கு இரண்டு கடல்.
கச்சான் அடித்தால் தென்கடல் கொதிக்கும்,
வடகடல் வாய்மூடிக் கிடக்கும்.
வாடைக்கு அப்படியே மாறும்.
இரண்டும் சேர்ந்து எழும்புவது புயலில் மட்டும்.
என் அண்ணன் செங்கோலுக்கு உடம்பே அப்படி.

பதினோரு வருஷம் குடல்.
நாளைக்கு இருபது தடவை, ரத்தமும் சளியுமாக.
வல்லத்தில் ஏது மறைப்பு?
முதலில் சிரித்தார்கள். பிறகு
சிலுவைப்பிச்சை ஒரு நீல டிரம்மை வாயகல அறுத்துப்
பின்னணியத்தில் கட்டி, சாக்குத் தொங்கவிட்டான்.
அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.
வலையிழுக்கும் கை நிற்காமல்
முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

பிறகு ரத்தம்.
வெளுத்தான். குடலில் ஒழுகுவதுதானே என்று
இரும்பு மாத்திரை கொடுத்தார்கள்.
ஒழுகியது பாதி. மீதி ஊறவே இல்லை.
மதுரையில் இடுப்பெலும்பைத் துளைத்தபிறகுதான் தெரிந்தது.
குடல் டாக்டர் ஒரு கரை, ரத்த டாக்டர் மறு கரை.
இவர் மாத்திரை அவர் கடலைக் கலக்கும்.
அவர் நிறுத்தச் சொன்னால் இவர் கடல் பொங்கும்.
ஒரு மாசம் கழித்து இருவரும்
ஒரே மேசையில் உட்கார்ந்து சொன்னார்கள்:
மஜ்ஜையையே மாற்றிப் பார்க்கலாம்.
கூடப் பிறந்தவங்க யாராவது?

நான்தான்.
தங்கச்சிமடத்தில் பிறந்து
அக்காள்மடத்தில் வாழ்க்கைப்பட்டவள்.
ஊர்ப் பெயர்களில்கூட அண்ணனுக்கு இடமில்லை என்பேன்.
ஆறு வருஷம் பேச்சில்லை.
அப்பா எழுதிவைக்காமல் செத்த நாலு சென்ட் தோப்பு.
தென்னை எத்தனை என்று கேட்காதீர்கள்.
மூன்று.

ஒரு குப்பி ரத்தம் கொடுத்துவிட்டு
அவன் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.
மண்டபத்து நண்டுக் கம்பெனியில்
சதை பிரித்துக்கொண்டிருந்தபோது போன்.
கையுறையோடு எடுத்தேன்.
"பொருந்துதாம்" என்றாள் மதினி.
எது எதோடு என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

ஐந்து நாள் ஊசி. எலும்புக்குள் யாரோ
பாய்மரம் நட்டதுபோல் வலி.
ஒரு கையில் போய் மறு கையில் திரும்பியது ரத்தம்,
நாலு மணி நேரம்.
வடிகட்டி நின்றது ஒரு பை,
இறால் தலை அலசின தண்ணீர் நிறத்தில்.
இதுக்கா இத்தனை என்றேன். நர்ஸ் சிரித்தாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன்,
மருந்தால் துடைத்துக் காலியாக்கி வைத்திருந்தார்கள்.
பை இறங்கியது.
பதினேழாம் நாள் முளைத்தது.

நாற்பதாம் நாள் வயிறு போயிற்று, மறுபடியும்.
பழைய நோயா,
இல்லை புது அணுக்கள் அவன் குடலை
அந்நியமென்று கடிக்கின்றனவா?
பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலிருக்கும் என்றார்கள்.
புது அணுக்கள் என்றால் நான்.
சமாதானம் பேசியது வாய்தானே.
எலும்புக்கு யார் போய்ச் சொல்வது,
மூன்று தென்னையையும் விட்டுவிட்டேன் என்று?
துணுக்கு வெட்டி அனுப்பிய மூன்று நாளும்
ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து
அந்தோணியாரிடம் கேட்டேன்,
பழைய நோயாகவே இருக்கட்டும் என்று.
என்ன வேண்டுதல் அது.

நானேதான்.
லேசாகத்தான், ஸ்டீராய்டுக்கு அடங்கும் என்றார்கள்.
அடங்கியது.
சொன்னபோது அவன் சிரித்தான், உதடு வெடிக்க:
"நீ சின்னதுலயே கடிப்ப."

இரண்டு வருஷமாக அவனுக்குள் என் குரூப்.
மீனவர் அட்டையில் இன்னும் பழையது.
ஆபீசில் கேட்டால்
குரூப்பெல்லாம் எங்கம்மா மாறும் என்கிறார்கள்.
குடலும் சும்மா இருக்கிறது.
குணம் என்று டாக்டர் சொல்வதில்லை,
இப்ப அமைதி என்கிறார்,
கடலைச் சொல்வதுபோல.

போன வாரம் வல்லத்தில் ஏறினான்.
டிரம் அதே இடத்தில்.
சாக்கு மட்டும் புதுசு.
எடுத்துறலாமே என்றேன்.
நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே
சிலுவைப்பிச்சை சொன்னான்:
"கெடக்கட்டும். எங்களுக்கும் வயிறு இருக்குல்ல."